வால்வுக்கு மட்டும் 90 நாள்

ஆம்ப்ளிஃபயருக்கு ஐந்தாண்டு உத்தரவாதம். அதன் உயிரான வால்வுக்கோ மூன்றே மாதம். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

லட்ச ரூபாயைத் தாண்டும் வால்வு ஆம்ப்ளிஃபயரை வாங்குபவரிடம் ஒரு அட்டையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். முன்பக்கத்தில் மூன்று ஆண்டு அல்லது ஐந்து ஆண்டு உத்தரவாதம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கத்தில், மூக்குக் கண்ணாடியைத் தேட வைக்கும் எழுத்தில், 'வால்வுகள் நீங்கலாக' என்று ஒரு வரி. கொஞ்சம் தாராளமான கம்பெனி என்றால் 'வால்வுகளுக்கு 90 நாள்'. மாப்பிள்ளையின் பெயரை விட்டுவிட்டு அச்சடித்த கல்யாணப் பத்திரிகை போல இருக்கிறது இது. வால்வு ஆம்ப்ளிஃபயரிலிருந்து வால்வைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது கனமான சில டிரான்ஸ்ஃபார்மர்களும் ஒரு உலோகப் பெட்டியும்தான்.

செகந்தராபாத்தின் வடகிழக்கு ஓரத்தில் உள்ள சைனிக்புரியில் இந்த வரி யாரையும் அதிர்ச்சியடையச் செய்யாது. பெயர் சொல்வது போலவே இது படைவீரர்களின் ஊர். முன்னாள் ராணுவத்தினருக்காகக் கூட்டுறவு சங்கத்தின் மூலம் உருவான காலனி. டிரான்சிஸ்டர் வருவதற்கு முந்தைய ராணுவத்தில் வயர்லெஸ் என்றால் வால்வுதான். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1956இல் முதலில் தயாரித்துக் கொடுத்த பிசி610 டிரான்ஸ்மிட்டரும் வால்வில் ஓடியதே. ராணுவத்தின் எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் பொறியியல் கல்லூரி சைனிக்புரிக்குச் சற்றுத் தள்ளித் திருமலகிரியில் இருக்கிறது. இன்னொரு பக்கம், 1967இல் அணுசக்தித் துறையின் கீழ் தொடங்கப்பட்ட இசிஐஎல் தொழிற்சாலை. அதை உருவாக்கிய ஏ.எஸ். ராவின் பெயரில் பக்கத்திலேயே ஒரு நகர். சாலிடரிங் வாசனை பிடித்து வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கே ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கிறது. கன்டோன்மென்ட்டையும் ரயில்வேயையும் நம்பி வந்து செகந்தராபாத்திலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு.

இவர்களின் இளமையில் வால்வு ஆடம்பரப் பொருள் அல்ல. மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் ரேடியோ இருந்த ஒவ்வொரு வீட்டிலும் அது இருந்தது. ஸ்விட்சைத் திருகிவிட்டு அரை நிமிடம் காத்திருந்தால் பச்சைக் கண் விழித்து, அப்புறம்தான் பாட்டு வரும். ஊர்த் திருவிழாவில் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிய மைக் செட்காரரின் பெட்டிக்குள் எரிந்ததும் வால்வுகளே. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் ஹாலந்தின் பிலிப்ஸுடன் சேர்ந்து ரேடியோ வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் வால்வு போனால் கடையில் வேறொன்று வாங்கிச் செருகினார்கள். பல்பு ஃபியூஸ் போனதற்கு யாராவது வழக்குப் போடுவார்களா? வால்வும் அப்படித்தான்.

இன்று நிலைமை தலைகீழ். டிரான்சிஸ்டர் வந்து வால்வைத் துரத்தியது. பிறகு, அதன் ஒலியில் ஒரு இதம் இருக்கிறது என்று சொல்லும் ரசிகர்கள் அதைத் திரும்ப அழைத்து வந்தார்கள். அந்த இதம் உண்மையா, காதின் பழக்கமா என்ற சர்ச்சைக்கு இங்கே வேலையில்லை. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ரேடியோ வால்வுத் தயாரிப்பைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. ஹைதராபாத் கோட்டியின் குஜராத்தி கல்லியிலோ சென்னை ரிச்சி தெருவிலோ பழைய சரக்கு கிடைத்தால் அதிர்ஷ்டம். மற்றபடி ரஷ்யா, சீனா, ஸ்லோவாகியாவிலிருந்து வரவேண்டும். ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ப, பொருத்தம் பார்த்த நான்கு பவர் வால்வுகளின் விலை பல ஆயிரங்களில் இருக்கும். பல்பு என்று ஒதுக்கித்தள்ள முடியாத தொகை. அப்படியானால் கம்பெனிகள் ஏன் மூன்று மாதத்தோடு கையைக் கழுவுகின்றன?

பதில் வால்வுக்குள்தான் இருக்கிறது.

1904இல் ஆங்கிலேயர் ஃபிளெமிங் இதை உருவாக்கியபோது 'வால்வு' என்று பெயரிட்டதற்குக் காரணம், மின்சாரத்தை இது ஒரே திசையில் மட்டும் போகவிடும் என்பதே. தண்ணீர்க் குழாயின் வால்வு போல. தமிழ்ப் பாடநூல்கள் 'வெற்றிடக் குழாய்' என்றன. மெக்கானிக்குகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் பாடநூல் பெயரில் ஒரு நியாயம் இருக்கிறது. காற்று உறிஞ்சப்பட்ட கண்ணாடிக் குழாயின் நடுவில் ஒரு சிறு நிக்கல் குழல், அதன்மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகளின் வெள்ளைப் பூச்சு. இதுதான் கேதோடு. உள்ளிருக்கும் ஹீட்டர் இழை அதை ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கும்போது பூச்சிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, கிரிட் என்ற சல்லடையைக் கடந்து, சுற்றியுள்ள பிளேட்டுக்குப் பாய்கின்றன. கிரிட்டுக்கு வரும் மெல்லிய சங்கீதச் சைகை இந்தப் பாய்ச்சலைக் கூட்டிக் குறைக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் சூத்திரம் இவ்வளவுதான்.

இதன் விலையையும் கேதோடுதான் கொடுக்கிறது. சூட்டில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பூச்சிலுள்ள பேரியம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. ஒரு நாள் எலெக்ட்ரான்களின் வரத்து போதாமல் போகும். 'எமிஷன் போய்விட்டது' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். மெழுகுவர்த்தி எரிந்து தீர்வது எப்படிப் பழுது ஆகாதோ அப்படித்தான் இதுவும். ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் உள்ள இசிசி83 போன்ற சிறு வால்வுகளுக்கு வேலை குறைவு. பொதுவாக 10,000 மணி நேரம்கூட ஓடிவிடும். ஸ்பீக்கரைத் தள்ளும் இஎல்34, கேடி88 போன்ற பவர் வால்வுகள் 1,500 முதல் 3,000 மணி நேரத்துக்குள் களைத்துவிடுகின்றன. களைப்பு மெதுவாக வருவதால் கேட்பவருக்குத் தெரிவதில்லை. தாழ்ந்த ஸ்வரங்களில் பிடி தளர்கிறது, சத்தத்தைக் கூட்டினால் கரகரப்பு தட்டுகிறது. புதிய வால்வு போட்ட அன்றுதான் எவ்வளவு இழந்திருந்தோம் என்று புரியும்.

இது தேய்மானம். உத்தரவாதம் என்பது தேய்மானத்துக்கு அல்ல, தயாரிப்புக் குறைக்குத்தான். கண்ணாடியும் உலோகக் கம்பியும் சேரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கசிவு, உள்ளே சரியாகப் பற்றவைக்காத இணைப்பு, கோணலாக நிற்கும் கிரிட். இந்தக் குறைகளுக்கு ஒரு குணம் உண்டு: வெகுநாள் ஒளிந்திருப்பதில்லை. சூடேறி ஆறும் முதல் சில டஜன் மணி நேரத்திலேயே பெரும்பாலும் வெளியே வந்துவிடும். குழந்தைப் பருவத்தைத் தாண்டிய வால்வு முதுமை வரை தாங்கும் என்பது கம்பெனிகளின் அனுபவக் கணக்கு. 90 நாளின் நியாயம் அதுதான்.

நியாயம் இருந்தாலும் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. வால்வுக்கு வயதாவது மணி நேரத்தில். அட்டை எண்ணுவதோ நாள்களை.

சைனிக்புரியில் ஓய்வுபெற்ற ஒருவர் காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் நான்கு மணி நேரமும் பாட்டுக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 90 நாளில் 540 மணி நேரம். வால்வில் குறை இருந்தால் கட்டாயம் வெளிப்பட்டிருக்கும். ஆனால் 2,000 மணி நேரம் தாங்கும் பவர் வால்வுகள் அவருக்குப் பதினோரு மாதத்தில் முடிந்துவிடும். அடுத்த தெருவில் இருந்துகொண்டு நகரத்தின் மறுகோடியில் உள்ள ஹைடெக் சிட்டிக்குப் போய்வரும் கம்ப்யூட்டர் எஞ்சினியருக்குச் சனி, ஞாயிறில் இரண்டிரண்டு மணி நேரம்தான் வாய்க்கிறது. அவருக்கு அதே வால்வுகள் ஒன்பது ஆண்டுக்கு மேல் வரும். ஆனால் உத்தரவாதம் முடியும்போது அவருடைய வால்வு வெறும் 50 மணி நேரமே எரிந்திருக்கும். நான்காம் மாதம் அது வெடித்தால், நிஜத்தில் அது தயாரிப்புக் குறையாகவே இருக்கலாம். ஆனால் அட்டை அவரைக் கைவிட்டுவிடும்.

கார் கம்பெனிகள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டன. இத்தனை ஆண்டு அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது என்கிறார்கள். அமெரிக்காவின் ஆடியோ ரிசர்ச் போன்ற ஓரிரு கம்பெனிகள் சில மாடல்களில் வால்வு எரிந்த மணி நேரத்தைக் காட்டும் மீட்டரையே வைத்தன. மற்றவர்கள் அதைப் பின்பற்றாதது சோம்பலா, கணக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற ஜாக்கிரதையா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

வால்வு இயல்பிலேயே அற்பாயுள் என்பதும் முழு உண்மையல்ல. அட்லாண்டிக் கடலுக்கு அடியில் 1956இல் போட்ட முதல் டெலிபோன் கேபிளின் ஆழ்கடல் பகுதியில் 102 ரிப்பீட்டர்கள், ஒவ்வொன்றிலும் மூன்று வால்வுகள். யாரும் இறங்கி மாற்ற முடியாத இடம். 1978இல் கேபிளுக்கு ஓய்வு கொடுக்கும் வரை 22 ஆண்டுகள் அவை உழைத்தன. ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. மிகச் சுத்தமான உலோகங்கள், மிகக் குறைந்த சுமை, அணைக்காமல் சீராக எரியவிடுவது. 1945இல் அமெரிக்காவில் உருவான எனியாக் கம்ப்யூட்டரில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அதன் எஞ்சினியர்கள் கண்டுபிடித்தது என்னவென்றால், வால்வுகள் அதிகம் செத்தது வேலை செய்யும்போது அல்ல, சூடேறும்போதும் ஆறும்போதும்தான். அதனால் அதை அணைப்பதையே கூடியவரை தவிர்த்தார்கள். ஆறியிருக்கும் ஹீட்டர் இழைக்கு மின்தடை மிகக் குறைவு. ஸ்விட்சைப் போட்டதும் பல மடங்கு மின்சாரம் பாய்ந்து அதை உலுக்குகிறது. கரண்ட் பத்து தடவை வந்துபோகும் மழைக்கால மாலையில் வால்வு ஆம்ப்ளிஃபயரைப் போட்டு வைத்திருப்பவர் அதன் ஆயுளை அவரே செலவழிக்கிறார்.

இந்திய நிலைமை இன்னொரு வகையிலும் வால்வுக்கு எதிரி. ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய ஆம்ப்ளிஃபயர்கள் பல 220 வோல்ட்டுக்குச் செய்தவை. இங்கே பெயரளவில் 230. தெரு அடங்கிய பிறகு இரவு பதினொரு மணிக்கு 250ஐத் தொடும் பேட்டைகள் உண்டு. அப்போது 6.3 வோல்ட் வரவேண்டிய ஹீட்டருக்கு 7.1 வோல்ட்டுக்கு மேல் போகும். பத்து சதவிகிதத்துக்குமேல் மீறுவதை வால்வு தயாரிப்பவர்கள் ஒப்புவதில்லை. கேதோடு அளவுக்கு மீறிச் சூடாகி, பேரியம் வேகமாகப் பறக்கிறது. தவறான வோல்ட்டேஜால் வரும் பழுதுக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காது. அந்த வரியும் அட்டையில் இருக்கிறது. ஆயிரங்களில் முடியும் ஒரு நல்ல ஸ்டெபிலைசரை விட்டுவிட்டு லட்சத்தில் ஆம்ப்ளிஃபயர் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய வரி.

வெயிலும் சேர்ந்துகொள்கிறது. நான்கு இஎல்34 வால்வுகளின் ஹீட்டர்களே 38 வாட் தின்கின்றன. பாட்டே ஓடாத நேரத்திலும் பெட்டி மொத்தமாக 100 வாட்டுக்கு மேல் அனலாகக் கக்கும். வெளியே 40 டிகிரியைத் தாண்டும் ஹைதராபாத் மே மாதத்தில், அதைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸில் வைத்தால் வால்வுக்கு மட்டுமல்ல, அருகிலுள்ள கெப்பாசிடர்களுக்கும் ஆயுள் குறையும்.

இவையெல்லாம் வாங்குபவரின் கையில் இருப்பவை. அவர் கையில் இல்லாதது ஒன்று உண்டு, நிஜமான வழக்கு அங்கேதான் எழுகிறது. 'வால்வு என்பது சார், டயர் மாதிரி. கார் கம்பெனி டயருக்கா உத்தரவாதம் கொடுக்கிறது?' என்பது இந்த வியாபாரத்தில் வழக்கமான வாதம். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் டயர் வெடித்து எஞ்சின் எரிந்ததாகக் கேள்விப்பட்டதுண்டா? வால்வு வெடித்தால் எரியும்.

பவர் வால்வு சாகும் விதங்களில் மெதுவான களைப்பு மரியாதையான சாவு. மோசமானது, உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிடுவது, அல்லது கட்டுப்பாடு இழந்த மின்னோட்டத்தால் பிளேட் செக்கச்செவேலென்று காய்வது. ஃபியூஸ் சரியான அளவில் இருந்து உடனே போனால் தப்பித்தோம். இல்லையென்றால் பக்கத்து ரெசிஸ்டர் கருகும். அதையும் தாண்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். வால்வு ஆம்ப்ளிஃபயரில் மிக விலையுயர்ந்த பாகம் அதுதான். டிரான்ஸ்ஃபார்மருக்கு மூன்றாண்டு உத்தரவாதம், அதை எரித்த வால்வுக்கு உத்தரவாதம் முடிந்துவிட்டது. செலவு யாருடையது? பெரும்பாலான அட்டைகள் இதற்கு நேரடியாகப் பதில் சொல்வதில்லை. சர்வீஸ் சென்டரின் மனநிலையைப் பொறுத்தது என்ற நிலையில் விட்டுவிடுகின்றன. வால்வு செத்தாலும் தன்னோடு வேறெதையும் இழுத்துக்கொண்டு போகாதபடி ஒவ்வொரு வால்வுக்கும் தனி ஃபியூஸோ பாதுகாப்பு சர்க்யூட்டோ வைப்பது சாத்தியமே, வைப்பவர்களும் இருக்கிறார்கள். தேய்ந்து சாகும் என்று கம்பெனிக்கே தெரிந்த ஒரு பாகத்தின் சாவு மற்றவற்றை எரிக்கும்படி டிசைன் செய்திருந்தால், அதைத் தேய்மானம் என்று சொல்லித் தப்பிப்பது நியாயமில்லை.

இதைச் சொல்ல இந்தியாவில் இடமிருக்கிறது. 1986இன் சட்டத்துக்குப் பதிலாக 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தில் உள்ள குறையைப் பற்றிப் பேசும்போது வெளிப்படையான ஒப்பந்தத்தை மட்டுமல்ல, உட்கிடையான ஒப்பந்தத்தையும் சேர்த்தே பேசுகிறது. அட்டையில் அச்சான எழுத்தே முடிவானது அல்ல என்று வாதிட இது வழிவிடுகிறது. ஒரு பொருளின் ஆயுளைப் பற்றிச் சரியான சோதனை இல்லாமல் உத்தரவாதம் அளிப்பதும் அதன்படி நேர்மையற்ற வணிகம். '10,000 மணி நேரம்' என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு அட்டையில் 90 நாள் என்று எழுதுபவர்கள் யோசிக்க வேண்டிய பிரிவு. புகாரை விற்றவரின் ஊருக்குப் போய்த்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, வாங்கியவர் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். குறை இருக்கிறதா என்று பார்க்கப் பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வால்வு டெஸ்டரைக் கண்ணால் பார்த்த ஆட்கள் அந்தக் கூடத்தில் இருக்க வேண்டும் என்பது வேறு கவலை.

வெளிநாட்டிலிருந்து நண்பர் மூலமாகவோ அங்கீகாரம் இல்லாத வியாபாரியிடமோ வாங்கியவர்களுக்கு இந்தச் சண்டைக்கே வாய்ப்பு குறைவு. பெரும்பாலான கம்பெனிகளின் உத்தரவாதம் வாங்கிய நாட்டின் எல்லையோடும் முதல் உரிமையாளரோடும் முடிந்துவிடுகிறது.

வேறு வால்வைச் செருகினால் உத்தரவாதம் செல்லாது என்ற மிரட்டலும் அட்டைகளில் உண்டு. அமெரிக்காவில் 1975இன் மேக்னஸன்-மாஸ் சட்டம், குறிப்பிட்ட பிராண்டு உதிரிபாகத்தைத்தான் போட வேண்டும் என்று உத்தரவாதத்தோடு முடிச்சுப் போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமை பற்றிக் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளத்தையும் தொடங்கியது. வால்வு அளவுக்கு அது இறங்கி வரவில்லை.

அதே 2022இல்தான் வால்வு ரசிகர்களுக்கு வயிற்றைக் கலக்கிய செய்தியும் வந்தது. உக்ரைன் போரை அடுத்து மார்ச் மாதம் ரஷ்யா சில பொருள்களின் ஏற்றுமதியைத் தடை செய்தபோது, சரடோவ் நகரத் தொழிற்சாலையின் வால்வுகளும் மாட்டிக்கொண்டன. சோவ்டெக், எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், டங்-சோல் முதல் மறுபிறவி எடுத்த மல்லார்ட் வரை பல பிராண்டுகள் ஒரே கூரையின் கீழ் தயாராகின்றன என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு தடை தளர்ந்தது. ஆனால் உத்தரவாதம் இருந்தாலும் மாற்றித் தர வால்வு இருக்குமா என்ற கேள்வி தங்கிவிட்டது.

நீண்ட உத்தரவாதம் முடியாத காரியம் அல்ல என்பதற்கும் சாட்சி உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 300பி வால்வை மீண்டும் தயாரிக்கத் தொடங்கிய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக், அதற்கு ஐந்தாண்டு உத்தரவாதம் தருகிறது. ஜோடியின் விலை சுமார் 1,500 டாலர். அந்தப் பணத்தில் ஒரு சுமாரான ஆம்ப்ளிஃபயரே வாங்கிவிடலாம்.

அந்த அளவுக்குப் போக முடியாதவர்கள் வாங்கும்போதே சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்கலாம். 90 நாள் எந்தத் தேதியிலிருந்து, வால்வு எரித்த பாகம் யார் கணக்கில், ஒன்று போனால் பொருத்தம் பார்த்த ஜோடியையே மாற்றித் தருவார்களா என்ற மூன்றுக்காவது பதில் வேண்டும். வால்வின் உட்புறத்தில் வெள்ளிப் பூச்சு ஒன்று தெரியும். மிச்சக் காற்றை உறிஞ்சுவது அதன் வேலை. அது பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம், கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கையிருப்புக்கு என்று கூடுதல் வால்வுகளை வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. அவற்றின் 90 நாளும் பில் போட்ட தேதியிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது, செருகிய தேதியில் அல்ல. இரண்டு ஆண்டு கழித்துப் பெட்டியைப் பிரித்து, முதல் நாளே கரகரத்தால் கேட்க நாதி இருக்காது. வாங்கிய வாரமே செருகி, பயஸ் சரிபார்த்து, ஐம்பது மணி நேரமாவது ஓடவிட்ட பிறகு கழற்றி, தேதியையும் மணி நேரத்தையும் அட்டைப்பெட்டியின் மேல் பென்சிலால் எழுதி வைக்கலாம். நல்ல வால்வு அலமாரியில் எத்தனை ஆண்டு இருந்தாலும் கிழடாவதில்லை.